ஏட்டுச் சுரைக்காயும் பாலாற்றுத் தண்ணீரும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் மாணவி ஒருவர்)

சென்ற பருவத் தேர்வில் 'சுற்றுச்சூழல் கல்வி' என்னும் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. எங்கள் வகுப்பில் 40 பேர், ஒருவர்கூடத் தோற்கவில்லை. "நீர் மாசு என்றால் என்ன? அதைத் தடுக்கும் வழிகள் யாவை?" என்ற வினா வரும் என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். வந்தது, எழுதினோம். "தொழிற்சாலைக் கழிவுகளைச் சுத்திகரிக்காமல் நீர்நிலைகளில் விடக் கூடாது" என்ற வாக்கியம் நாற்பது விடைத்தாள்களிலும் இருந்திருக்கும். தேர்வு முடிந்து வெளியே வந்தோம். வாயிலுக்கு எதிரே உள்ள கடையில் தேநீர் குடித்தோம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளைக் கல்லூரி வேலி ஓரமாக வீசிவிட்டுப் பேருந்து ஏறினோம். அந்தக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்தே தடை இருக்கிறது என்பதையும் அரை மணி நேரத்துக்கு முன்புதான் விடைத்தாளில் எழுதியிருந்தோம்.

எல்லோரும் தேறிவிட்ட பாடத்தில் ஒருவருடைய பழக்கமும் மாறவில்லை என்றால் அந்தப் பாடம் எந்த இடத்தில் தவறியது? இதைத்தான் இக்கட்டுரையில் கேட்க விரும்புகிறேன். பிறரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. குற்றவாளிகளின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதே.

களப்பணி என்னும் நாடகம்

இந்தப் பாடம் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் நம் அரசியலமைப்பில் எழுதி வைத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது. 2003இல் மீண்டும் வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்துத் தந்தது.

அந்தப் பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் விவரம் அறிந்தவர்கள் என்றே சொல்வேன். மொத்த மதிப்பெண் 100. அதில் 25 களப்பணிக்கு. மாணவன் தன் பகுதியில் மாசடைந்த ஓர் இடத்தை நேரில் சென்று பார்த்து எழுத வேண்டும் என்பதும் அதில் ஒரு பகுதி. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்ப் பார் என்று சொல்லும் பாடம் வேறு எது இருக்கிறது?

நான் என்ன செய்தேன்? மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவரிடம் ரெக்கார்டு நோட்டை இரவல் வாங்கினேன். நான் ஒருமுறைகூடப் பார்த்திராத ஏரி ஒன்றின் மாசு பற்றி, அவர் எழுதியிருந்ததை எழுத்து மாறாமல் இரண்டு இரவுகளில் எழுதி முடித்தேன். அந்த அக்காவும் தனக்கு முந்தியவரிடமிருந்துதான் வாங்கியிருந்தார். அந்த ஏரியை யார் முதலில் நேரில் பார்த்தார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வீடு பாலாற்றுக் கரையில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்புறத்துக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்காது. உப்பு. அந்த நீரில் சோறு வடித்தால் மஞ்சள் பூத்துவிடும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் முறை வைத்து வரும். வராத நாளில் அம்மா கேன் தண்ணீர் வாங்குவார். பாடத்திட்டம் தேடிப் போகச் சொன்ன களம் என் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, நான் யாரோ ஒருவருடைய ஏரியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் கேள்வி

எங்கள் கிணறு உப்பானதற்குக் காரணம் எங்கள் பகுதிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் தெரிந்ததுதான். தோல் கெடாமலிருக்க அதன்மேல் உப்பைக் கொட்டி வைக்கிறார்கள். அந்த உப்பு கழுவும்போது நீரில் கரைந்து வெளியேறுகிறது. எங்கள் பாட்டன் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக் கணக்கில் தோலைப் பதனிட்டார்கள். குரோமிய உப்பு வந்த பிறகு வேலை விரைவாக முடிகிறது. ஆனால் போட்ட குரோமியம் முழுவதையும் தோல் பிடித்துக்கொள்வதில்லை. மீதி கழிவுநீரோடு போகிறது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். 'மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும்' என்னும் கொள்கையை அது நாட்டின் சட்டமாக ஏற்றது. தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவாகவோ முழுவதுமாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போய்விட்டதாகவும், ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் வரை செலவாவதாகவும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. அதன் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எத்தனையோ வந்தன. எனினும் ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச் சென்ற நச்சுக் குவியல் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, சென்ற பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது என் படிப்பை வீட்டில் காட்டத் தொடங்கினேன். என் தந்தையார் ஒரு டேனரியில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். பெரிய மர உருளைக்குள் தோலைப் போட்டுச் சுழற்றும் வேலை. அவர் விரல்களின் ஓரம் எப்போதும் வெடித்திருக்கும். அந்தக் கூலியில்தான் நான் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியவள் நான்தான். அவரிடம், அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து வரும் நீர் எவ்வளவு கெடுதலானது என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாங்க ஊத்துறது ஊரக் கெடுக்குதுன்னு சொல்ற, சரிம்மா. நீ படிக்கிற எடத்துலயும் அந்தச் சரக்கு இருக்குதுன்னு சொல்றியே, அத நீங்க எங்க ஊத்துறீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதை நான் கழுவுத் தொட்டியில் ஊற்றுகிறேன்.

ஏழு கிராம்

விடுமுறை முடிந்து வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஆய்வகக் கட்டடத்தின் பின்பக்கம் சென்று குழாய் எங்கே போகிறது என்று பார்த்ததுதான். இரண்டு ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். ஒரு நாளும் பின்பக்கம் போனதில்லை. குழாய் ஒரு திறந்த வாய்க்காலில் விழுகிறது. வாய்க்கால் வேப்பமரங்களுக்கு அப்பால் உள்ள பள்ளத்தில் போய் மண்ணோடு கலந்துவிடுகிறது.

பிறகு கணக்குப் போட்டேன். இரும்பைப் பருமனறி பகுப்பாய்வில் மதிப்பிடும்போது பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலைப் பியூரெட்டில் எடுக்கிறோம். அதன் வலிமை 0.1 நார்மல் என்றால் ஒரு லிட்டரில் 4.9 கிராம் டைகுரோமேட் இருக்கும். அதில் குரோமியம் மட்டும் ஏறத்தாழ 1.73 கிராம். ஒரு மாணவருக்கு 100 மில்லிலிட்டர் என்று கொண்டால் 40 பேருக்கு 4 லிட்டர். ஆக, ஒரு வகுப்பு ஒரு பிற்பகலில் ஏறத்தாழ 7 கிராம் குரோமியத்தை அந்தக் குழாய் வழியே அனுப்புகிறது.

ஏழு கிராம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஏழு கிராமை அந்த அளவால் வகுத்துப் பாருங்கள். 1,40,000 லிட்டர் தண்ணீரை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குக் கொண்டுவர அந்த ஏழு கிராம் போதும். இது ஒரு வகுப்பின் ஒரு நாள் கணக்கு. டேனரியில் பெரும்பாலும் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். எங்கள் பியூரெட்டில் மீந்து நிற்பதோ ஆறு இணைதிறன் குரோமியம். இரண்டில் நஞ்சு மிகுந்தது எங்களுடையதே.

"டன் கணக்கில் கொட்டுகிறவர்களை விட்டுவிட்டு ஏழு கிராமைப் பேச வந்துவிட்டாயே" என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். "மண்ணில் பாதி தங்கிவிடும், பாதி மாறிவிடும், எல்லாம் கிணற்றுக்கா போகிறது?" என்றும் ஒருவர் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகளே. எங்கள் கழுவுத் தொட்டியும் ஒரு தொழிற்சாலையின் வாய்க்காலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் நினைப்பு ஒன்று என்றுதான் சொல்கிறேன். 'ஊற்றிவிட்டால் போய்விடும்' என்பதே அந்த நினைப்பு. குழாய்க்கு அப்பால் ஒன்றுமில்லை என்று நம்புகிற பழக்கம். இன்று இந்த ஆய்வகத்தில் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் நாம்தான், நாளை ஒரு தொழிற்சாலையின் வேதியியலாளராகவோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலராகவோ, பள்ளி ஆசிரியராகவோ போகப் போகிறோம். ஏழு கிராமில் பழகாத பொறுப்பு டன் கணக்கு வரும்போது எங்கிருந்து வரும்?

மஞ்சள் பை

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் அம்மா ஒரு மஞ்சள் பையில் சாப்பாட்டையும் புத்தகத்தையும் வைத்துக் கொடுத்தார். துணிக்கடையில் கொடுத்த பை. பேருந்து நிலையத்திலேயே அதை மடித்து ஒளித்துவிட்டு, கடையில் ஒரு பிளாஸ்டிக் பை வாங்கி அதில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன். 'பட்டிக்காடு' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். அதே மஞ்சள் பையை மீண்டும் கையில் எடுங்கள் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இயக்கமே தொடங்கியிருந்தது என்பதைப் பிறகு பாடமாகப் படித்து, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையாக எழுதினேன்.

என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். அரிசி கழுவிய நீர் எங்கள் வீட்டில் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்குப் போகும். கிழிந்த சேலை தலையணை உறையாகும், பிறகு கரித்துணியாகும். நிலைத்த வளர்ச்சி என்றால் என்னவென்று அவரைக் கேட்டால் தெரியாது. எனக்குத் தெரியும், இலக்கணத்தோடு எழுதத் தெரியும். ஆனால் அவர் கையில் இருந்த பழக்கத்தை விட்டுவிட்டு, அதன் பெயரை மட்டும் கற்றுக்கொண்டு நிற்கிறேன். நம் கல்லூரியில் என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களே மிகுதி. நம்மில் எத்தனை பேர் இதே பண்டமாற்றைச் செய்திருக்கிறோம் என்று நெஞ்சில் கை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நமக்குக் குறைவது அறிவன்று. சொற்பொழிவுகளும் சுவரொட்டிகளும் இன்னும் கூடினால் நாம் திருந்திவிடுவோம் என்று நான் நம்பவில்லை. படித்ததைக் கையால் செய்து பார்க்கும் இடமாக நம் கல்லூரி இல்லை என்பதே குறை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சுரை விதையை ஏட்டிலேயே விதைத்தால் வேறு என்ன காய்க்கும்?

செய்யக் கூடியவை மூன்று

பெரிய நிதி எதுவும் இல்லாமல், நம் வேதியியல் துறையிலேயே தொடங்கக் கூடிய மூன்று செயல்களை ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒரு ஜாடி. குரோமியக் கரைசல் ஊற்றுவதற்கென்று ஆய்வகத்தில் தனி ஜாடி ஒன்று இருக்க வேண்டும். டைகுரோமேட் மீதியாகும் அதே பிற்பகலில், அதே மேசையில், அமிலம் கலந்த இரும்பு உப்புக் கரைசலும் மீதியாகிறது. இரண்டையும் தனித்தனியே கழுவுத் தொட்டியில் ஊற்றுகிறோம். ஒரே ஜாடியில் ஊற்றினால், இரும்பு போதிய அளவு இருக்கும்வரை, ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக ஒடுக்கப்படும். ஆரஞ்சு நிறம் பச்சையாவதைக் கண்ணாலேயே காணலாம். பிறகு ஆசிரியர் மேற்பார்வையில் சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியமும் இரும்பும் ஹைட்ராக்சைடுகளாக அடியில் படியும். அந்த வண்டலை உலர்த்திப் பத்திரப்படுத்தி, உரிமம் பெற்ற கழிவு மையத்திடம் ஒப்படைக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஜாடியும் சுண்ணாம்பும்தான். ஒடுக்கம், வீழ்படிவு என்று நாம் பாடத்தில் படிப்பது எதற்கு? இதற்குத்தானே!

இரண்டாவது, அளவு. 20 மில்லிலிட்டர் பிப்பெட்டுக்குப் பதில் 10 மில்லிலிட்டர் பிப்பெட், 0.1 நார்மலுக்குப் பதில் 0.05 நார்மல். கவனமாகச் செய்தால் விடையின் துல்லியம் பெரிதாகக் கெடாது. ஆனால் வெளியேறும் குரோமியம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். துறைக்கு வேதிப்பொருள் செலவும் மிச்சம்.

மூன்றாவது, களப்பணி. எங்கள் வகுப்பின் 40 பேரும் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து வருகிறோம். ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிணற்று நீரை ஒரு புட்டியில் கொண்டுவரட்டும். நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கொண்டு மதிப்பிடவும், குளோரைடை வெள்ளி நைட்ரேட் கொண்டு மதிப்பிடவும் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். யாரோ கலந்து வைத்த உப்புக் கரைசலை மதிப்பிடுவதற்குப் பதிலாக நம் ஊர்த் தண்ணீரை மதிப்பிடுவோம். ஊர், கிணறு, நாள், அளவு ஆகியவற்றை ஒரே பேரேட்டில் எழுதித் துறையில் வைப்போம். அடுத்த ஆண்டு வருபவர்கள் அதே கிணறுகளில் மீண்டும் எடுக்கட்டும். பத்து ஆண்டுகளில் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரைப் பற்றி நம் கல்லூரியிடம் இருக்கும் ஏட்டைப் போன்ற ஒன்று வேறு எவரிடமும் இருக்காது. அந்த ஏட்டை அடுத்தவர் பார்த்து எழுதவும் முடியாது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் எண் உண்டு.

இவற்றை எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் மாணவனாக இருந்தபோது அந்தக் குழாயில்தான் ஊற்றினேன். துறைக் கூட்டத்தில் நான் பேசுகிறேன். நீ ஆண்டு மலரில் எழுது, படிக்கிறவர்கள் கேட்கட்டும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

நண்பர்களே, டேனரிகளை இழுத்து மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு எளிதன்று. அப்படி மூடினால் அடுத்த மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. என் படிப்பும் நின்றுவிடும். மூடாமல் இப்படியே விட்டால் எங்கள் கிணறு எங்கள் பேரப் பிள்ளைகளுக்கும் உதவாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்றால் அதை வேதியியல் படித்தவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு நம்மைத் தகுதியாக்குவதே சுற்றுச்சூழல் கல்வி. தேர்வில் எழுதும் மூன்று பக்கங்கள் அதற்குப் போதா.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. ஊருக்குப் போனால் அப்பா மீண்டும் கேட்க மாட்டார். அவர் ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்கும் பழக்கமில்லாதவர். ஆனால் நான் பதில் சொல்லியாக வேண்டும். "ஒரு ஜாடியில் ஊற்றுகிறோம், அப்பா" என்று சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த ஜாடியை வைப்பதற்குத் துறையின் அனுமதியும், அதில் ஊற்றுவதற்கு உங்கள் எல்லோருடைய கைகளும் வேண்டும்.